படிக்க விரும்புகிறவர் சமூக ஊடகத்தை என்ன செய்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

வேலைக்குப் போய்க்கொண்டும் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டும் இருக்கிற ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்க முடிவெடுக்கும்போது, முதலில் குறுக்கே வந்து நிற்பது நேரம் பற்றிய கேள்விதான். கணக்கு அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவர் பைத்தான் நிரல்மொழி கற்க விரும்புகிறார். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே உள்ள பள்ளி ஆசிரியை ஒருவர், கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைத் தாமே படிக்கப் பழக வேண்டும் என்று நினைக்கிறார். வீட்டிலிருந்தபடியே இன்ஸ்டாகிராமில் புடவை விற்கும் பெண் ஒருவருக்கு, பாதியில் நின்றுபோன பட்டப்படிப்பை எப்படியாவது முடித்துவிட வேண்டும். இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் நேரமில்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுடைய கைபேசியில் உள்ள திரைநேரக் கணக்கைத் திறந்து பார்த்தால், நாள்தோறும் கணிசமான நேரம் சமூக ஊடகங்களுக்குச் செலவாவது தெரியவரும். அந்த நேரத்தை என்ன செய்வது என்பதில் நான்கு வழிகள் உள்ளன: சமூக ஊடகத்தை முற்றிலும் விட்டுவிடுவது, அன்றாட வரம்பு விதித்துக்கொள்வது, அதையே கற்கும் இடமாக மாற்றிக்கொள்வது, படிப்புக்கான நேரத்தை முதலில் உறுதிசெய்துவிட்டு ஊடகத்தை மீதி நேரத்துக்குத் தள்ளுவது.

இவற்றை ஒப்பிட நான்கு அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் விடுபடும், விடுபட்ட நேரம் உண்மையிலேயே படிப்புக்கு வந்து சேருமா, அதற்காக எதை இழக்க நேரும், சில மாதங்களுக்குப் பிறகும் அந்த ஏற்பாடு நிலைத்திருக்குமா என்பவை அவை. இவற்றுள் இரண்டாவதற்கே அதிக எடை தர வேண்டும் என்பது என் கருத்து. சமூக ஊடகத்தைக் குறைப்பது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் முதல் அளவுகோலோடு நின்றுவிடுகின்றன. குறைத்துவிட்டால் போதும், மீந்த நேரம் தானாகவே நூலுக்கும் பாடத்துக்கும் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அவற்றின் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை சோதித்துப் பார்க்கத் தக்கது.

அதற்கு முன், இந்தச் செயலிகள் நம் நேரத்தை எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இணையப் பக்கத்துக்கு அடி என்று ஒன்று இருந்தது; அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது; அந்தச் சிறு இடைவெளியில் போதும் என்று எழுந்துகொள்ள வாய்ப்பிருந்தது. 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லா உருட்டல் முறை அந்த இடைவெளியை அகற்றிவிட்டது. அதன் விளைவுகளைக் குறித்து அவரே பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத் தரவு மலிவானது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்ட சில மாதங்களுக்குள் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸும் யூடியூபின் ஷார்ட்ஸும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆகவே, கைபேசியைக் கீழே வைக்க முடியாமல் போவதைத் தனிமனிதரின் மனவலிமைக் குறைபாடாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது. நிறுத்த முடியாதபடி திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஒன்றின் முன்னால்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

முற்றிலும் விலகுவது என்ற முதல் வழியைப் பற்றி நமக்கு நல்ல சான்று ஒன்று கிடைத்திருக்கிறது. 2018-இல் அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்கள், ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து, அவர்களுடைய முகநூல் கணக்கை முடக்கிவைக்கச் செய்தார்கள் ஹன்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ உள்ளிட்ட பொருளியலாளர்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வின்படி, சராசரியாக ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் விடுபட்டது. அந்த நேரத்தைத் தனியாகத் தொலைக்காட்சி பார்ப்பதும், நண்பர்களோடும் குடும்பத்தோடும் இருப்பதுமே பெரிதும் பங்கிட்டுக்கொண்டன. மனநலம் ஓரளவு மேம்பட்டது, அரசியல் பிளவுணர்வு குறைந்தது, ஆய்வு முடிந்த பிறகும் பலர் முகநூலில் முன்னைவிடக் குறைவாகவே நேரம் செலவிட்டார்கள். அதேசமயம், நடப்புச் செய்திகளைப் பற்றிய அறிவு குறைந்தது. படிக்க விரும்புகிறவர் இந்த முடிவுகளில் கவனிக்க வேண்டியது, விடுபட்ட மணிநேரம் எங்கே போனது என்பதைத்தான். குடும்பத்தோடு பேசிக்கொண்டிருப்பது நல்ல காரியம். அதைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் கற்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஊடகத்தை விடுகிறவருக்கு, விடுதல் ஒன்றே அந்த நோக்கத்தை நிறைவேற்றித் தராது என்பதை இந்த ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது.

இழப்பு என்ற அளவுகோலில் இந்த வழி நம் ஊர்களில் மேலும் பின்தங்குகிறது. பிள்ளையின் பள்ளி அறிவிப்பும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் தண்ணீர்த் தகவலும், அலுவலகத்தின் அவசரச் செய்தியும் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. புடவை விற்கும் பெண்ணுக்கு இன்ஸ்டாகிராம்தான் கடை. கடையை மூடிவிட்டுப் படியுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் தாய்க்கு டொராண்டோவிலும் லண்டனிலும் பிள்ளைகள் இருந்தால், பேரக்குழந்தை நடக்கத் தொடங்குவதை அவர் காண்பதே கைபேசித் திரையில்தான். இத்தகையவர்களுக்கு முழு விலகல் என்பது படிப்புக்காகக் கொடுக்க வேண்டிய விலையைவிட மிக அதிகமானது. போட்டித் தேர்வுக்குத் தேதி குறிக்கப்பட்டுவிட்டது, இன்னும் நான்கைந்து மாதங்களே இருக்கின்றன, வேறு பொறுப்பு அதிகமில்லை என்ற நிலையில் உள்ளவருக்கு மட்டும் இதை நான் தயங்காமல் சொல்வேன். அவருக்குத் தேர்வு என்ற ஒன்று ஏற்கெனவே நேரத்தைப் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கிறது.

இரண்டாவது வழியான நேர வரம்பு, செய்வதற்கு எளிது. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் ஐபோனிலும் 2018 முதல் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் ஒரு செயலிக்கு இத்தனை நிமிடம் என்று குறித்துவிட்டால், அந்நேரம் முடிந்ததும் செயலி அன்றைக்கு மூடப்படும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 143 மாணவர்கள் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பிரிவினர் முகநூல், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடத்துக்குள் மூன்று வாரங்கள் பயன்படுத்தியபோது, அவர்களிடையே தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. மன அமைதிக்கு வரம்பு உதவும் என்பதற்கு இது நல்ல ஆதாரம். கல்வியை அந்த ஆய்வு அளக்கவில்லை.

வரம்பு வழியின் குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, பூட்டும் சாவியும் ஒரே கையில் இருப்பது: ஐபோனில் வரம்பு முடிந்ததும் இன்னும் பதினைந்து நிமிடம், இன்றைக்கு மட்டும் வரம்பு வேண்டாம் என்ற பொத்தான்கள் கூடவே வந்து நிற்கின்றன, ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் போய் வரம்பையே நீக்கிவிடலாம். இரண்டாவது குறை இதைவிட முக்கியமானது, ஆனால் அதிகம் பேசப்படுவதில்லை. சமூக ஊடகத்தில் நாம் செலவிடும் நேரம் ஒரே கட்டியாக இருப்பதில்லை. பேருந்துக்குக் காத்திருக்கையில் ஐந்து நிமிடம், தேநீர் இடைவேளையில் எட்டு நிமிடம், குக்கர் விசில் வரும்வரை நான்கு நிமிடம், படுக்கையில் அரைமணிநேரம் என்று அது சிதறிக் கிடக்கிறது. ஒரு நிரலில் பிழை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கோ, பாடநூலின் ஓர் அத்தியாயத்தைப் புரிந்துகொள்வதற்கோ குறைந்தது நாற்பது, ஐம்பது நிமிடம் தொடர்ச்சியாக வேண்டும். ஆகையால் திரைநேரக் கணக்கு ஒன்றரை மணிநேரம் என்று காட்டினால், ஒன்றரை மணிநேரப் படிப்பு அங்கே ஒளிந்திருப்பதாகக் கணக்கிட்டுவிடக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அதில் படிப்புக்கு நேரடியாக மாற்றக்கூடிய கட்டி, இரவில் படுக்கப்போகும் முன் செலவாகும் பகுதி மட்டும்தான். சிதறிய துண்டுகள் வீண் என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே படித்ததை நினைவுபடுத்திப் பார்க்கவும், மொழி கற்பவர் சொல் அட்டைகளைப் புரட்டவும் அவை மிகவும் ஏற்றவை. இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் நினைவுகூர்வது நினைவை நிலைப்படுத்தும் என்பது 1885-இல் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் வெளியிட்ட ஆய்வுக்காலத்திலிருந்தே அறியப்பட்டது. ஆனால் புதிய பாடத்தைத் தொடங்க அவை போதா.

மூன்றாவது வழியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். பலர் உண்மையில் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் நன்மையும் ஏமாற்றமும் பின்னிக் கிடக்கின்றன. நன்மையை முதலில் சொல்கிறேன். தமிழில் எதையும் கற்க விரும்புகிறவருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கிடைக்காத வாய்ப்புகள் இன்று சமூக ஊடகத்தில் இருக்கின்றன. பைத்தானை அடிப்படையிலிருந்து தமிழிலேயே விளக்கும் யூடியூப் வரிசைகள் உள்ளன. சிற்றூர்க் கோயிலில் எடுத்த கல்வெட்டுப் படத்தை முகநூல் குழுவில் இட்டால், இரண்டாவது வரியில் வரும் எழுத்து இன்னது என்று அனுபவமுள்ள ஒருவர் சில மணிநேரத்தில் சொல்லிவிடுகிறார். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத ஒருவருக்கு இது சிறிய உதவியன்று.

ஏமாற்றம் எங்கே இருக்கிறது என்பதை அதே கல்வெட்டை வைத்தே காட்டலாம். ஒரு நிமிடக் காணொளி ஒன்றில், ஒரு சோழர் காலக் கல்வெட்டில் விளக்கெரிக்க ஆடுகள் கொடுத்த செய்தி இருப்பதாக ஒருவர் சுவாரசியமாகச் சொல்கிறார். பார்த்தவருக்குச் செய்தி தெரிந்துவிட்டது; நினைவிலும் ஓரிரு நாள் நிற்கும். ஆனால் அடுத்த வாரம் தம் ஊர்க் கோயிலின் அதிட்டானம் எனப்படும் அடித்தளப் பகுதிக்கு முன்னால் நின்றால், அவரால் ஒரு வரியும் படிக்க முடியாது. அங்கே மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. கல்லில் வெட்டி என்ற தொடர் கலலில வெடடி என்று நிற்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்பட்டிருக்காது. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. நடுநடுவே கிரந்த எழுத்துகள் வரும். கல் பொரிந்துபோன இடத்தில் முன்பின் தொடர்பை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். சோழ மன்னர்களுக்கு இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்கள் மாறி மாறி வந்தன என்று தெரிந்திருந்தால், சிதைந்த பட்டத்தின் எஞ்சிய எழுத்துகளைக் கொண்டே எந்த மன்னராக இருக்கலாம் என்று ஓரளவு சுருக்கிக்கொள்ளலாம். இந்தத் திறன் வர ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தாளில் பெயர்த்து எழுதி, மத்தியத் தொல்லியல் துறை 1890 முதல் வெளியிட்டுவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் உள்ள அச்சுவடிவத்தோடு ஒப்பிட்டு, எங்கே தவறினோம் என்று பார்க்க வேண்டும். ஒரு கல்வெட்டுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். காணொளி தருவது கல்வெட்டைப் பற்றிய செய்தியை. இந்த மாலைப்பொழுது தருவது கல்வெட்டைப் படிக்கும் ஆற்றலை.

இந்த வேறுபாட்டை உளவியல் ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரையன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மேசைமேல் உள்ள தட்டுகள் கலையாமல் விரிப்பை உருவுவது, அம்பு எறிவது போன்ற செயல்களின் காணொளியைச் சிலருக்கு ஒருமுறையும் சிலருக்குப் பலமுறையும் காட்டினார்கள். பலமுறை பார்த்தவர்களுக்குத் தம்மால் முடியும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. செய்துபார்க்கச் சொன்னபோது திறன் அதற்கேற்ப வளர்ந்திருக்கவில்லை. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, மீண்டும் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே தெளிவாக முந்தினார்கள். பார்ப்பதும் மீண்டும் பார்ப்பதும் தெரிந்துவிட்டது என்ற உணர்வைத் தருகின்றன. அறிவு நிலைக்கத் தேவையான முயற்சியை அவை கேட்பதில்லை. சமூக ஊடகத்தின் அமைப்போ அந்த முயற்சிக்கு இடமே கொடுப்பதில்லை. நினைவுகூர்ந்து பார்க்கலாம் என்று ஒருவர் எண்ணுவதற்குள் அடுத்த காணொளி தொடங்கிவிடுகிறது.

எனவே மூன்றாவது வழியை முழுப் படிப்பாகக் கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படிப்புக்குத் துணையாகக் கொள்வதைக் கட்டாயம் பரிந்துரைப்பேன். அப்படிக் கொள்கிறவர்கள், தேடிப் போவதையும் தள்ளிவிடப்படுவதையும் பிரித்துவைக்க வேண்டும். யூடியூபில் காண்வரலாற்றை, அதாவது பார்த்த காணொளிகளின் பதிவை, நிறுத்திப் பழையதையும் அழித்துவிட்டால், 2023 ஆகஸ்டுக்குப் பிறகு அதன் முகப்புப் பக்கம் பரிந்துரைகள் இல்லாமல் வெறுமையாகவே இருக்கும். தேவையானதைத் தேடலில் எழுதிக் கண்டுபிடிக்கலாம், நாம் பின்தொடரும் ஆசிரியர்களின் பக்கத்துக்கு நேரே போகலாம். தானாக அடுத்தது ஓடும் வசதியையும் அணைத்துவிடலாம். முகநூல் குழுவில் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் தாளில் எழுதிக்கொண்டு, கேட்டுவிட்டு வெளியே வந்து, மறுநாள் விடையைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு பாடக் காணொளி முடிந்ததும் திரையை மூடிவிட்டு, அதிலிருந்து நினைவில் நிற்பதை ஐந்தாறு வரிகள் எழுதுவது, அதே காணொளியை இன்னொருமுறை பார்ப்பதைவிடப் பயன் தரும்.

நான்காவது வழி வரிசையையே மாற்றுகிறது. ஊடகத்தை எவ்வளவு குறைப்பது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, படிப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே, யாருக்குப் பதில் சொல்லும் விதமாக நடக்கப்போகிறது என்பதை அது முதலில் முடிவுசெய்கிறது. அதற்குக் குறுக்கே வருகிற ஊடகப் பயன்பாட்டை மட்டும் அப்புறப்படுத்துகிறது. விடுபட்ட நேரம் படிப்புக்கு வந்து சேருமா என்ற இரண்டாவது அளவுகோலுக்கு நேரடியாக விடை சொல்வது இது ஒன்றுதான்.

பைத்தான் கற்க விரும்பும் கணக்காளரின் நிலையிலிருந்து இதைப் பார்க்கலாம். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தின் பாடங்கள், 2017-இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் இணையதளத்தின் வழியாக யாருக்கும் கிடைக்கின்றன. ஜனவரியிலும் ஜூலையிலும் பருவங்கள் தொடங்கும். பாடத்தில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. தேர்வு மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டும் கட்டணம் செலுத்த வேண்டும். 12 வாரப் பாடத்தில் ஒவ்வொரு வாரமும் சில காணொளிகளும், குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டிய ஒப்படைப்பும் இருக்கும். மதிப்பெண்ணில் 25 ஒப்படைப்புகளுக்கு, 75 தேர்வுக்கு. ஒப்படைப்பில் 10-ம் தேர்வில் 30-ம் பெற்றால் தேர்ச்சி. வேலைக்குப் போகிறவர் கவனிக்க வேண்டிய ஓர் ஏற்பாடு இதில் இருக்கிறது: 12 ஒப்படைப்புகளில் சிறந்த 8 மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். ஆண்டுக்கணக்கு முடிக்கும் மார்ச் மாத நெருக்கடியில் இரண்டு வாரம் தவறிப்போனாலும், வீட்டில் ஒரு கல்யாணம் வந்தாலும், பாடம் கைவிட்டுப் போய்விடாது. சமூக ஊடகத்துக்கு இடம் கொடுத்தே படிக்க நினைக்கும் ஒருவருக்கு இப்படிப்பட்ட நெகிழ்வுள்ள கெடுதான் ஏற்றது. முழுக் கண்டிப்பும் வேண்டாம், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத நிலையும் வேண்டாம்.

கெடு இருந்துவிட்டால் எல்லோரும் முடித்துவிடுகிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஹார்வர்டும் எம்ஐடியும் எடெக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் நடத்திய பாடங்களைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, 2017-18-இல் பங்கேற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேரே பாடத்தை முடித்ததாகக் காட்டியது. கட்டணம் செலுத்திச் சான்றிதழ் வழியில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. பணம் கட்டியதாலேயே முடித்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முடிக்கும் உறுதி உள்ளவர்களே பணம் கட்டியிருக்கலாம். எப்படியிருந்தாலும், இலவசமாகச் சேர்ந்து பார்ப்போம் என்ற மனநிலையோடு தொடங்குவதைவிட, தேர்வுக்குப் பதிவுசெய்துவிட்டுத் தொடங்குவது நல்லது என்றே நான் கருதுகிறேன்.

பட்டப்படிப்பை முடிக்க விரும்பும் பெண்ணுக்கு 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. அங்கும் ஒப்படைப்புகளும் தேர்வுப் பருவங்களும் நேரத்தை வெளியிலிருந்து பிடித்துவைக்கும். ஆனால் அவருக்கு இன்னொரு தடை உண்டு, அதைப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. வீட்டில் ஒரு பெண் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், பாடம் பார்த்தாலும் ரீல்ஸ் பார்த்தாலும் வீட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான். சும்மாதானே இருக்கிறாய், இதைக் கொஞ்சம் எடுத்து வை என்று வேலை வந்து சேரும். நேர வரம்புச் செயலியால் இதைத் தடுக்க முடியாது. சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு, அல்லது நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிப் புறப்படும்போது மட்டும் அந்த நேரத்தை வீடு மதிக்கிறது. படிப்புக்கு ஓர் இடம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த இடத்துக்கு நூலகத்தைவிட மேலானது எனக்குத் தெரியவில்லை. 2010-இல் திறக்கப்பட்ட சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. இவற்றுக்கு அருகில் இல்லாதவர்களுக்கு மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகமும் உள்ளன. வசதி குறைவாக இருந்தாலும், மேசையும் அமைதியும் பெரும்பாலும் கிடைக்கும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வகுத்து வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நம் நேரத்தைச் சேமிப்பதைக் கடமையாகக் கொண்ட ஒரு நிறுவனத்துக்கும், நம் நேரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வருவாய் என்று இயங்கும் ஒரு நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாட்டை, இரண்டிலும் ஒரு மாலையைக் கழித்தவர் எளிதில் உணர்வார்.

நான்காவது வழிக்கும் விலை உண்டு. போக்குவரத்துச் செலவு, தேர்வுக் கட்டணம், வார இறுதியில் சில மணிநேரம், பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போக வேண்டிய ஏற்பாடு எல்லாம் சேரும். மாறுபணிநேரத்தில் வேலை செய்கிறவருக்குக் கிழமையும் நேரமும் நிலையாக இருக்காது; அவர் நாளைக் குறிக்காமல், வாரத்துக்கு இத்தனை அமர்வு என்று குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும். விரும்பும் துறையில் முறையான பாடமே இல்லாமல் இருக்கவும் கூடும். அப்போது இன்னொருவரோடு சேர்ந்து படிப்பதே கெடுவின் இடத்தை நிரப்பும். கல்வெட்டு படிக்க விரும்பும் ஆசிரியைக்கு நான் சொல்வது இதுதான்: மரபு ஆர்வலர் அமைப்புகள் வார இறுதிகளில் நடத்தும் கல்வெட்டுப் பயிற்சிகளில் ஒன்றில் சேர்ந்து, அங்கே கிடைக்கும் ஒரு தோழியோடு வாரம் ஒரு கல்வெட்டைப் பெயர்த்து எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும், இருவருக்கும் விளங்காத எழுத்தை மட்டும் முகநூல் குழுவுக்குக் கொண்டுபோக வேண்டும். அவருக்குச் சமூக ஊடகத்தைக் குறைக்கவே தேவையில்லை என்றுகூடச் சொல்வேன். படிப்பு நடக்கும் மாலையில் கைபேசி வேறு அறையில் இருந்தால் போதும்.

கணக்காளருக்கு நான்காவது வழியோடு இரண்டாவதையும் சிறிதளவு சேர்க்கச் சொல்வேன். அவர் பாடம் பார்க்கும் கருவியும் ரீல்ஸ் பார்க்கும் கருவியும் ஒன்றாகவே இருப்பதால், படிக்கும் நேரத்தில் மட்டும் குறித்த செயலிகளை மூடிவைக்கும் ஃபோகஸ் மோடு அவருக்கு உதவும். மடிக்கணினியில் பாடம் பார்க்க முடிந்தால் அதைவிட நல்லது. படுக்கைக்கு முந்தைய அரைமணிநேரத்தை அவர் பாடத்துக்கு மாற்ற நினைக்கலாம். நாள் முழுவதும் எண்களோடு உழைத்தவருக்கு அந்நேரத்தில் நிரல் எழுதுவது கடினம். அந்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, காலையில் அலுவலகத்துக்குப் புறப்படும் முன் ஒரு மணிநேரத்தை எடுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

புடவை விற்கும் பெண்ணுக்குத்தான் முடிவு சிக்கலானது. வாடிக்கையாளரின் கேள்விக்கு உடனே விடை சொல்லாவிட்டால் விற்பனை போய்விடும் என்ற அச்சம் அவருக்கு உண்டு, அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. வணிகக் கணக்கையும் சொந்தக் கணக்கையும் பிரித்து, வணிகக் கணக்கில் யாரையும் பின்தொடராமல் வைத்துக்கொண்டால், விடை சொல்லத் திறந்தவர் வேறெங்கோ இழுபட்டுப் போவது குறையும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், குறித்த நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாகவே ஒரு பதிலை அனுப்பும் வசதி இருக்கிறது. சனிக்கிழமை ஒரு மணிக்குப் பிறகு விவரம் தருகிறேன் என்ற ஒரு வரியை அதில் எழுதி வைத்துவிட்டு, காலையில் வகுப்புக்கோ நூலகத்துக்கோ அவர் புறப்படலாம். வாரத்தில் அந்த மூன்று மணிநேரம் உறுதியானபின், ஒப்படைப்புகள் எழுத இன்னொரு மூன்று மணிநேரத்தை வாரநாள்களில் எங்கே பிடிப்பது என்பதை, முதல் பருவத்தின் தேர்வுத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டும்.